துரைமார் நாட்டில் ஒரு கூலிக்காரர் கிராமம்



தோட்டங்களில் உழைத்த நம் பாட்டன் பாட்டிமார் பார்த்த வெள்ளைக்காரர் யார்? துரைதான். மேட்டின்மேல் பங்களாவில் இருப்பார். காலையில் பெரட்டுக்கு வருவார். கிராணியும் கங்காணியும் அவர்முன் கைகட்டி நிற்பார்கள். இதைப் பார்த்துப் பார்த்து, இங்கிலாந்து என்றாலே துரைமார் மட்டும் வாழும் நாடு என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் பதிந்துவிட்டது. அந்த நாட்டிலும் விடியுமுன் எழுந்து பிறர் நிலத்தில் பாடுபட்டவர்கள் இருந்தார்கள். வாரக் கூலி அடுப்புக்குப் போதாமல் தவித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் வாழ்ந்த ஒரு சிற்றூருக்கு இன்று நாம் போய் வருவோம்.

அவ்வூரின் பெயர் டோல்படில். இங்கிலாந்தின் தென்பகுதியில், கடலை ஒட்டிய டார்செட் மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத் தலைநகரான டார்செஸ்டரிலிருந்து கிழக்கே சுமார் ஏழு மைல் தொலைவு. இன்றும் அங்கே வாழ்பவர்கள் ஏறத்தாழ நானூறு பேர்தாம். ஊரை ஒட்டிப் பிடில் என்னும் சிற்றாறு ஓடுகிறது. அந்த ஆற்றின் பெயரே ஊர்ப்பெயர்களிலும் ஒட்டிக்கொண்டது. அஃப்படில், பிரையன்ட்ஸ்படில், டோல்படில் என்று ஆற்றோரம் நெடுகப் 'படில்' ஊர்கள். டோல்படிலில் வரும் 'டோல்', ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்துக்கு உடையவளாயிருந்த டோலா என்னும் பெண்ணின் பெயர். அவள் தன் நிலங்களை ஒரு மடாலயத்துக்குக் கொடுத்ததாக வரலாறு கூறுகிறது.

ஊரைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்தைச் சற்றுப் பார்ப்போம். வடக்கே வெண்சுண்ணாம்புப் பாறையாலான தாழ்ந்த குன்றுகள், அவற்றின்மேல் புல், புல்லில் ஆட்டு மந்தைகள். நடுவே ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றோரத்துப் புல்வெளிகளுக்குக் குளிர்காலத்தில் வாய்க்கால் வெட்டி மெல்லிய நீரோட்டம் விடுவார்கள். ஆற்று நீர் உறைபனியிலிருந்து நிலத்தைக் காக்கும்; வசந்தம் பிறக்குமுன்பே ஆடுகளுக்குப் பசும்புல் கிடைத்துவிடும். தெற்கே போனால் மணற்பாங்கான புதர்க்காடு. ஏழைகள் அங்கே முட்புதரையும் புல்கட்டியையும் வெட்டி வந்து அடுப்பெரித்தார்கள். பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி, 1840ஆம் ஆண்டில் இந்த வட்டாரத்தில்தான் பிறந்தார். அவர் எழுதிய கதைகளில் வரும் வயல்களும் புதர்க்காடும் இவையே.

படத்தில் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். ஆனால் அந்த வைக்கோல் கூரையின் கீழே வாழ்ந்தவர்களின் நிலை என்ன? மண்ணும் வைக்கோலும் குழைத்து எழுப்பிய சுவர்கள். ஒரு குடிசையில் ஒரு பெருங்குடும்பம். குடிசையும் பெரும்பாலும் சொந்தமில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சம் எப்போதும் உண்டு. லயத்து வீட்டில் வாழ்ந்த நம்மவர்க்கு அந்த அச்சத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரொட்டி, உருளைக்கிழங்கு, சிறிது பாலாடைக்கட்டி, தேநீர், இதுவே உணவு. இறைச்சி அரிது. சிறு பையன்கள் பள்ளிக்குப் போகும் வயதில், விதைத்த வயலில் பறவை ஓட்டப் போனார்கள். பெண்கள் வயலில் கல் பொறுக்கினார்கள்.

இந்த நிலை எப்படி வந்தது? அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, பொதுநிலம் போயிற்று. முன்னாளில் இங்கிலாந்துச் சிற்றூர்களில் ஏழையும் தன் மாட்டை மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பொதுநிலம் இருந்தது. 1750ஆம் ஆண்டிலிருந்து 1850 வரை, பாராளுமன்றம் ஏறத்தாழ 4,000 சட்டங்களை நிறைவேற்றி, இத்தகைய நிலங்களை வேலியடைத்துத் தனியார் உடைமையாக்கியது. மாடு வைத்திருந்தவன் மாட்டை விற்றான்; கூலியை மட்டும் நம்பி வாழ்பவனானான். இரண்டாவது, 1815இல் பிரான்சுடன் நடந்த நெடும்போர் முடிந்தது. தானிய விலை சரிந்தது. போர்வீரர்கள் ஊர் திரும்பி வேலை தேடினார்கள். வேலைக்கு ஆள் பெருகினால் கூலி குறையும் அல்லவா? மூன்றாவது, கதிரடிக்கும் இயந்திரம் வந்தது. குளிர்காலம் முழுவதும் களஞ்சியத்தில் கைத்தடி கொண்டு கதிரடிப்பதே ஏழைக்குக் கிடைத்த வேலை. இயந்திரம் அதையும் பறித்தது.

1830ஆம் ஆண்டின் இறுதியில் தென் இங்கிலாந்து எங்கும் தொழிலாளர்கள் திரண்டு கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். சில இடங்களில் வைக்கோல்போருக்குத் தீயும் வைத்தார்கள். அரசு கடுமையாக அடக்கியது. 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஏறத்தாழ 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். டார்செட்டில் அந்தக் கூட்டங்களை எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தவர் ஜேம்ஸ் பிராம்ப்டன். அவர் அருகிலிருந்த மோர்ட்டன் ஊரின் பெருநிலக்கிழார், மாஜிஸ்திரேட்டும் அவரே. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டோல்படிலுக்குள் நுழைவோம். அவ்வூரில் ஜார்ஜ் லவ்லஸ் என்ற உழவுத் தொழிலாளி இருந்தார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடையவர். பகலில் ஏர் பிடித்த அவர், தம் முயற்சியால் எழுதப் படிக்கக் கற்றவர். மெதடிஸ்ட் சபையில் ஞாயிறு தோறும் அருளுரை ஆற்றியவர். ஊரார் தம் குறைகளைச் சொல்ல அவரிடமே வந்தார்கள்.

அவர்களுடைய குறை கூலிதான். அக்கம் பக்கத்து ஊர்களில் வாரத்துக்குப் பத்து ஷில்லிங் கொடுத்தார்கள். டோல்படில் தொழிலாளர்கள் தங்கள் பண்ணை முதலாளிகளிடம் போய்ப் பேசினார்கள். மற்ற ஊர்களில் கொடுப்பதை நாங்களும் கொடுப்போம் என்று முதலாளிகள் வாக்குக் கொடுத்தார்கள். ஊர்ப் பாதிரியாரும் உடனிருந்து சாட்சியானார். தொழிலாளர்கள் நம்பிக்கையோடு வேலைக்குத் திரும்பினார்கள்.

ஆனால் கையில் கிடைத்தது ஒன்பது ஷில்லிங். பிறகு அது எட்டாயிற்று. மாஜிஸ்திரேட்டிடம் முறையிட்டார்கள். முதலாளி கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், குறிப்பிட்ட கூலி தந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை என்ற பதில் கிடைத்தது. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்று பாதிரியாரும் கைவிரித்துவிட்டார். கூலி ஏழு ஷில்லிங்காக இறங்கியது. இனி ஆறுதான் என்ற பேச்சும் எழுந்தது. இருபது ஷில்லிங் கொண்டது ஒரு பவுன். ஏழு ஷில்லிங்கில் ஒரு குடும்பம் வாரம் முழுவதும் உண்டு, உடுத்து, வாடகையும் கொடுக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்த்த அவர்களுக்கு முடியாதென்று தெரிந்தது.

இவர்கள் இயந்திரத்தை உடைக்கவில்லை. வைக்கோல்போருக்குத் தீ வைக்கவில்லை. 1833ஆம் ஆண்டு அக்டோபரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு விவசாயத் தொழிலாளர் நட்புச் சங்கம் என்று பெயர். சேரும்போது ஒரு ஷில்லிங். பிறகு வாரம் ஒரு பென்னி சந்தா. பத்து ஷில்லிங்குக்குக் குறைந்து உறுப்பினர் யாரும் வேலை செய்வதில்லை என்று முடிவு செய்தார்கள். வன்முறையால் சங்கத்தின் நோக்கம் நிறைவேறாது என்று விதியிலேயே எழுதி வைத்தார்கள். ஊர் நடுவே ஒரு பெரிய சைக்கமோர் மரம் இருந்தது. அதன் நிழலில் கூடிப் பேசினார்கள். கூட்டம் நடத்த, தாமஸ் ஸ்டான்ஃபீல்டு என்பவர் தம் குடிசையின் மாடி அறையைக் கொடுத்தார். அவர் லவ்லஸின் சகோதரி டைனாவின் கணவர்.

அக்காலத்துச் சங்கங்களின் வழக்கப்படி, புதிதாகச் சேருவோரின் கண்ணைக் கட்டி, மண்டியிடச் செய்து, எலும்புக்கூட்டின் ஓவியம் ஒன்றின்முன் உறுதிமொழி வாங்கினார்கள். சங்கத்தின் செய்தியை வெளியே சொல்வதில்லை என்பதே அந்த உறுதிமொழி. ஏன் இந்த மறைவு? முதலாளிக்குத் தெரிந்தால் அடுத்த நாளே வேலை போய்விடும், அதற்காகத்தான். எளிய மனிதர்கள் செய்த இந்தச் சிறு சடங்கே பின்னர் அவர்களுக்கு விலங்காயிற்று.

செய்தி எப்படியோ கசிந்து பிராம்ப்டனின் காதுக்கு எட்டியது. அவர் உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். இவர்களைத் தண்டிக்க எந்தச் சட்டம் இருக்கிறது? அதுதான் சிக்கல். தொழிலாளர்கள் சங்கம் அமைப்பது குற்றம் என்றிருந்த சட்டங்கள் 1824ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே பழைய ஏடுகளைப் புரட்டி வேறொரு சட்டத்தை எடுத்தார்கள். 1797இல் கடற்படை மாலுமிகள் கலகம் செய்தபோது, இரகசிய உறுதிமொழி வாங்குவதைத் தடுக்க இயற்றப்பட்ட சட்டம் அது. கப்பலில் நடந்த கலகத்துக்காகப் பிறந்த சட்டம், முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு ஏர்பிடிக்கும் உழவன்மேல் பாய்ந்தது.

1834ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், இத்தகைய சங்கத்தில் சேருவோருக்கு ஏழாண்டு நாடுகடத்தல் என்று எச்சரிக்கும் அறிவிப்புகள் வட்டாரத்தில் ஒட்டப்பட்டன. அடுத்த இரண்டாம் நாள், பிப்ரவரி 24 விடியற்காலையில், லவ்லஸ் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். காவலர் வாசலில் வந்து நின்றார். கைதானவர்கள் ஆறு பேர்: ஜார்ஜ் லவ்லஸ், அவர் தம்பி ஜேம்ஸ் லவ்லஸ், தாமஸ் ஸ்டான்ஃபீல்டு, அவர் மகன் ஜான், ஜேம்ஸ் ஹாமெட், ஜேம்ஸ் பிரைன். கடைசி மூவரும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். அறுவரும் மறுப்புக் காட்டாமல் காவலரோடு டார்செஸ்டருக்கு ஏழு மைல் நடந்தே போனார்கள். சிறையில் அவர்களுடைய தலைகள் மழிக்கப்பட்டன.

மார்ச் மாதத்தில் விசாரணை. ஜூரர்களாக அமர்ந்தவர்கள் நிலமும் பண்ணையும் உடையவர்கள். எதிரே நின்றவர்கள் அந்த நிலத்தில் உழைத்தவர்கள். நாங்கள் எவருக்கும் தீங்கு செய்யவில்லை, எங்களையும் மனைவி மக்களையும் பட்டினியிலிருந்து காத்துக்கொள்ளவே ஒன்று சேர்ந்தோம் என்று லவ்லஸ் எழுதிக் கொடுத்தார். பயனில்லை. மார்ச் 19ஆம் நாள் நீதிபதி ஜான் வில்லியம்ஸ் தீர்ப்பளித்தார். அறுவருக்கும் அச்சட்டம் அனுமதித்த முழுத்தண்டனை: ஏழாண்டு நாடுகடத்தல்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். இக்கதையில் இரண்டு வாக்குகள் இருக்கின்றன. பத்து ஷில்லிங் தருவோம் என்று முதலாளிகள் கொடுத்த வாக்கு ஒன்று. அதை மீறியவர்களைக் கேட்க நாட்டில் சட்டம் இல்லை. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்று தொழிலாளர்கள் தமக்குள் கொடுத்துக்கொண்ட வாக்கு மற்றொன்று. அதைத் தண்டிக்கச் சட்டம் தேடிப் பிடிக்கப்பட்டது. வாக்கை மீறியவர்கள் வீட்டில் இருந்தார்கள். வாக்குக் கொடுத்தவர்கள் கப்பலேறினார்கள்.

நாடுகடத்தல் என்பது நம் மண்ணுக்கும் புதிய சொல்லன்று. அதே காலத்தில், ஆங்கில ஆட்சியினர் இந்தியாவிலிருந்து கைதிகளைப் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். சிங்கப்பூரின் பழைய சாலைகளிலும் புனித ஆண்ட்ரூ தேவாலயத்திலும் அக்கைதிகளின் உழைப்பு இருக்கிறது. தன் நாட்டுத் தொழிலாளியையும் அந்த அரசு அப்படித்தான் கப்பலேற்றியது.

ஐவர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸுக்குச் சென்றார்கள். சிறையில் நோயுற்ற ஜார்ஜ் லவ்லஸ் பின்னர்த் தனியே தாஸ்மானியாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவர்கள் பண்ணைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டார்கள். தந்தை ஸ்டான்ஃபீல்டு ஒரு பண்ணையில் ஆடு மேய்த்தார். மகன் வேறொரு பண்ணையில். பண்ணைக்கு நடந்துபோகும் வழியில் கொள்ளையர் பறித்துக்கொண்டதால், இளைஞர் பிரைன் காலணியும் போர்வையும் இல்லாமல் மாதக்கணக்கில் வாடினார். ஒரு பவுனுக்குத் தம்மை விற்றார்கள் என்று ஹாமெட் பின்னாளில் சொன்னார்.

ஊரில் விட்டுவரப்பட்ட பெண்களின் நிலை என்ன? டைனாவை எண்ணிப் பாருங்கள். ஒரே நாளில் அவள் கணவன் போனான், மகன் போனான், உடன்பிறந்த இருவரும் போனார்கள். ஏழைகளுக்கென்று ஊரில் திரட்டும் உதவி நிதியையாவது தாருங்கள் என்று இக்குடும்பத்துப் பெண்கள் கேட்டார்கள். அதையும் மறுத்தார் பிராம்ப்டன். சங்கத்துக்குச் சந்தா கொடுக்க முடிந்தவர்களுக்கு உதவி எதற்கு என்பது அவருடைய வாதம்.

ஆனால் இந்த அநீதி டார்செட்டோடு நிற்கவில்லை. பிற ஊர்த் தொழிலாளர்கள் பணம் திரட்டி இக்குடும்பங்களைக் காத்தார்கள். 1834ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் இலண்டனில் பல்லாயிரவர் ஊர்வலமாகச் சென்றார்கள். தையற்காரரும் தச்சரும் செருப்புத் தைப்பவரும் தத்தம் கொடியுடன் நடந்தார்கள். விடுதலை கோரும் மனுவில் இலட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டிருந்தார்கள். அமைச்சர் மெல்போர்ன் அன்று மனுவை வாங்க மறுத்தார். ஆயினும் கோரிக்கை ஓயவில்லை. பாராளுமன்ற உறுப்பினர் தாமஸ் வேக்லி சபையில் இதற்காக வாதாடினார். முடிவில், 1836ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள், அறுவருக்கும் முழுமன்னிப்பு வழங்கப்பட்டது.

மன்னிப்பு கிடைத்தாலும் திரும்பி வர மேலும் காலம் ஆயிற்று. லவ்லஸ் 1837 ஜூனில் வந்தார். நால்வர் 1838 மார்ச்சில். ஹாமெட் 1839 ஆகஸ்டில்தான். பொதுமக்கள் திரட்டிய பணத்தில் எசெக்ஸ் மாவட்டத்தில் அவர்களுக்குக் குத்தகை நிலம் பிடித்துக் கொடுத்தார்கள். ஸ்டான்ஃபீல்டின் மகளை அங்கே பிரைன் மணந்துகொண்டார். ஆயினும் அங்குள்ள நிலக்கிழார்களின் பகை அவர்களை விடவில்லை. 1840களின் நடுவில் ஐவரும் குடும்பத்தோடு கனடாவுக்குக் குடியேறினார்கள். அங்கே தங்கள் பழைய கதையைப் பிள்ளைகளிடம்கூட அவர்கள் பேசவில்லை என்பர். தண்டனை பெற்றவர் என்ற பழி பிள்ளைகளைத் தொடரக் கூடாது என்று எண்ணியிருக்கலாம்.

ஹாமெட் ஒருவர்தான் டோல்படிலுக்கே திரும்பினார். கட்டட வேலை செய்து பிழைத்தார். 1872இல், ஜோசப் ஆர்ச் என்ற தொழிலாளி வெல்ஸ்பர்ன் என்ற மற்றொரு சிற்றூரில், மற்றொரு மரத்தடியில் நின்று பேச, நாடு தழுவிய விவசாயத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அச்சங்கத்தார் 1875இல் ஹாமெட்டுக்குத் தங்கக் கடிகாரம் ஒன்று பரிசளித்தார்கள். 1884இல் நாட்டுப்புறத் தொழிலாளருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அதையும் அவர் பார்த்தார். ஆனால் முதுமையில் குடும்பத்துக்குப் பாரமாக இருக்க விரும்பாமல், டார்செஸ்டரின் ஏழைகள் விடுதிக்குத் தாமே போய்ச் சேர்ந்தார். 1891இல் அங்கேயே இறந்தார். டோல்படில் தேவாலயத்து வளாகத்தில் அவர் உடல் கிடக்கிறது.

அவரைப் போன்ற முதியவர்களை நினைத்துத்தானோ என்னவோ, நூறாம் ஆண்டான 1934இல் பிரிட்டனின் தொழிற்சங்கப் பேரவை அவ்வூரில் ஆறு வீடுகள் கட்டியது. ஓய்வுபெற்ற விவசாயத் தொழிலாளர்களுக்கான வீடுகள் அவை. வீட்டுக்கு ஒருவராக அறுவரின் பெயரும் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் ஹாமெட்டின் கல்லறைக்கும் நினைவுக்கல் நாட்டப்பட்டது. இன்று அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் தொழிற்சங்கத்தார் கொடிகளோடும் இசையோடும் அச்சிற்றூரை நிறைத்துவிடுகிறார்கள். அந்தச் சைக்கமோர் மரம் முந்நூறு ஆண்டுகளைக் கடந்து இன்னும் நிற்கிறது.

இன்னொரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் விவசாயத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியை முடிவு செய்யச் சட்டப்படி ஒரு வாரியம் அமைந்தது. லவ்லஸுக்கு மாஜிஸ்திரேட் இல்லையென்று சொன்ன அந்தச் சட்டம் ஒருவழியாக வந்தது. ஆனால் இங்கிலாந்தில் அந்த வாரியம் 2013இல் கலைக்கப்பட்டுவிட்டது. எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறது. வயல் வேலைக்கென்றே இருந்த தனிப் பாதுகாப்பு அங்கே இல்லை. ஒரு தலைமுறை பெற்றதை அடுத்த தலைமுறை காத்துக்கொள்ளவும் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

நேயர்களே, டோல்படிலில் கோட்டை இல்லை. போர் நடந்த களம் இல்லை. மன்னர் பிறந்த மாளிகையும் இல்லை. ஒரு சிற்றாறு, ஒரு மரம், ஒரு மாடி அறை, வாரத்துக்கு ஒரு பென்னி. அவ்வூரின் வரலாறு அவ்வளவுதான். அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெரியவர், சங்கத்துச் சந்தா கட்டிய பழைய சீட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் மடித்து வைத்திருப்பதைப் பார்த்தால், இது எதற்கு என்று தூக்கிப் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதன் கதையைக் கேளுங்கள். கனடாவுக்குப் போன ஐவரின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.